மாற்றான் போடும் கணக்கு

சதுரங்கத்தைப் பற்றி ஒருவர் இலக்கிய வாசகர்கள் கூடும் இடத்தில் எழுதினால் ஏன் எழுதினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கணினியில் ஆடும் கால்பந்து மேலாளர் விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர் மட்டும் முதலில் ஒரு சமாதானத்தைச் சொல்லிவிட்டே தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தச் சமாதானத்தை நான் சொல்லப்போவதில்லை. சதுரங்கத்தில் குதிரையை நகர்த்தினால் நகர்த்திய கட்டத்தில்தான் அது போய் நிற்கும். இங்கே அப்படியன்று. குதிரை களைத்திருக்கலாம், போன வாரம் ஆட்டத்தில் சேர்க்கப்படாத கோபத்தில் இருக்கலாம், சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு மீதியைத் தன் இயல்புப்படி செய்யலாம். எதிரில் இருப்பவரும் ஓர் அணியை வைத்துக்கொண்டு நம்மைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கிறார், அல்லது யோசிப்பதைப் போன்ற ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். அந்த 'போன்ற ஒன்று' எது, அதன் எதிரில் நம் ஆட்ட முறையை எப்படி மாற்றிக்கொள்வது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இதில் நாம் பந்தை உதைப்பதில்லை. நாம் மேலாளர். வீரர்களை வாங்குகிறோம், விற்கிறோம், பதினொருவரைத் தேர்ந்தெடுக்கிறோம், அவர்களை எந்த அமைப்பில் நிறுத்துவது, எவ்வளவு வேகமாகப் பந்தைக் கடத்துவது, தற்காப்பு வரிசையை எவ்வளவு மேலேற்றுவது என்றெல்லாம் கட்டளையிடுகிறோம். பிறகு உட்கார்ந்து பார்க்கிறோம். கெவின் டாம்ஸ் 1982இல் வெளியிட்ட 'ஃபுட்பால் மேனேஜர்' இந்த வகையின் முன்னோடி. பால் கோல்யர், ஆலிவர் கோல்யர் என்ற இங்கிலாந்துச் சகோதரர்கள் இருவரும் எழுதி 1992இல் வந்த 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' இதை ஒரு தலைமுறையின் பித்தாக மாற்றியது. பின்னர் வெளியீட்டு நிறுவனமான ஈடோஸிலிருந்து பிரிந்தபோது பழைய பெயர் ஈடோஸிடமே தங்கிவிட்டது. சகோதரர்களின் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ், சேகாவின் வெளியீடாக 2004 நவம்பரில் 'ஃபுட்பால் மேனேஜர் 2005' என்று புதுப் பெயரில் வந்தது. இன்று இந்த வகை என்றாலே அந்த வரிசையைத்தான் குறிக்கிறோம்.

2003இல் வந்த 'சாம்பியன்ஷிப் மேனேஜர் 4' வரை அந்த வரிசையில் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது. வாக்கியங்கள்தாம் தெரியும். இன்னார் பந்தைப் பெறுகிறார், கடத்துகிறார், சுடுகிறார், கோல்காப்பாளர் தடுக்கிறார் என்று ஒரு வரிக்குப் பின் இன்னொரு வரி மின்னும். மீதி ஆடுகளம் முழுவதும் ஆடுபவரின் கற்பனையில். அந்தக் காலமே பொற்காலம் என்று ஏங்குகிற நண்பர்கள் எனக்கு உண்டு. வாசகன் பிரதியை நிரப்புகிறான் என்ற கோட்பாட்டுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது என்றுகூட ஒருவர் வாதிட்டார். அந்த ஏக்கத்தில் எனக்குப் பங்கில்லை. வரிகளை மட்டும் வாசித்தவருக்குத் தோற்றது தெரியும். ஏன் தோற்றோம் என்பது தெரியாது. மேலிருந்து பார்க்கும் களமும் அதில் ஓடும் இருபத்திரண்டு வட்டங்களும் வந்த பிறகுதான் எதிரணி எங்கே நெருங்கி நிற்கிறது, எங்கே வெற்றிடம் விட்டிருக்கிறது என்பது தெரிந்தது. முப்பரிமாண உருவங்கள் 2009 பதிப்பில் வந்தன. அவை அழகுக்கு. அறிவுக்கு அந்த வட்டங்களே போதும் என்பது என் துணிபு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரி விடுதியில் இந்த விளையாட்டில் இரவுகளைக் கழிக்கும் மாணவர்கள் சிலர் உண்டு. அவர்களில் ஒருவர் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து முறையிட்டார்: "சார், போன சீசன்ல இதே டாக்டிக்ஸ்தான். யாருமே எதிர்பார்க்கல, நாலாவது இடம் வந்தோம். இந்த சீசன்ல ஒண்ணு கூட மாத்தல. ஆளுங்க கூட அதே ஆளுங்க. ஆனா எல்லா மேட்ச்லயும் அடி வாங்குறோம். கம்ப்யூட்டர் நம்ம டாக்டிக்ஸைக் கண்டுபிடிச்சிருச்சு சார்."

'கணினி கண்டுபிடித்துவிட்டது' என்பது இந்த விளையாட்டின் மிகப் பழைய நாட்டார் நம்பிக்கை. உலகெங்கும் ஆடுபவர்கள் இரண்டாம் பருவத்தில் இதே சொற்களைத்தான் சொல்கிறார்கள். நம் வியூகத்தை ஓர் ஒற்றன் களவாடிக்கொண்டு போய்க் கொடுத்தது போன்ற ஒரு சித்திரம். நடப்பது அதைவிட எளியது. கணினி மேலாளர் ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணிகளின் மதிப்பையும் எடைபோடுகிறார். ஆட்டம் யாருடைய மைதானத்தில், யாருக்கு வெற்றிவாய்ப்பு அதிகம் என்று பார்க்கிறார். தாம் வலியவர் என்று கண்டால் மேலேறி வருகிறார். எளியவர் என்று கண்டால் பின்வாங்கித் தம் கோலைச் சூழ்ந்து நிற்கிறார். முதல் பருவத்தில் அந்த மாணவரின் அணி யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை. எல்லோரும் மேலேறி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பரந்த வெற்றிடம். நீண்ட பந்து, விரைந்தோடும் முன்கள வீரர், கோல். நாலாம் இடம் பிடித்ததும் அணியின் மதிப்பு உயர்ந்தது. அடுத்த பருவத்தில் பாதி அணிகள் மேலேறி வரவில்லை. பின்களத்தில் ஐவர், அவர்களுக்கு முன்னால் மூவரோ நால்வரோ. இப்போது அதே நீண்ட பந்து நேராகக் கோல்காப்பாளர் கையில் போய் விழுகிறது; விரைந்தோடுபவர் ஓட இடமில்லாமல் நிற்கிறார். மாணவர் தம் பக்கம் எதையும் மாற்றவில்லை என்று சொன்னது உண்மைதான். ஆனால் எதிரணியின் கண்ணில் அவர் மாறிவிட்டார்.

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் செயலின் வலிமை, தன் வலிமை, பகைவனின் வலிமை, துணைவரின் வலிமை என்று எடைபோட வேண்டியவற்றை அடுக்குகிறார். இந்த விளையாட்டை ஆடியபின் அந்தப் பட்டியலில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துப் படிக்கத் தோன்றுகிறது: நம் வலிமையைப் பகைவன் எவ்வளவென்று கருதுகிறான் என்பது. அவன் நம்மைப் பற்றிப் போடும் கணக்கு சரியோ தவறோ, அவன் நிற்கும் நிலையை அதுதான் தீர்மானிக்கிறது.

கோட்டையைச் சாத்திக்கொண்டு நிற்கும் எதிரணியை என்ன செய்வது? பெரும்பாலோர் செய்வது இன்னும் வேகம், இன்னும் துணிவு. 'மென்டாலிட்டி' என்று விளையாட்டில் ஒரு திருகாணி இருக்கிறது. முன்பு அது இருபது படிகள் கொண்ட நழுவுகோல். இப்போது மிகுந்த தற்காப்பிலிருந்து மிகுந்த தாக்குதல் வரை ஏழு படிகள். கோல் விழவில்லை என்றதும் அதை உச்சிக்கு ஏற்றிவிடுகிறார்கள். அது ஒரே சமயத்தில் பல கயிறுகளை இழுக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். கடத்தலின் வேகம் கூடும், எல்லோரும் மேலேறுவார்கள், ஆபத்தான பந்துகளை முயல்வார்கள். ஏற்கெனவே பதினைந்து பேர் நெரிந்து நிற்கும் பெட்டிக்கு முன்னால் மேலும் மூவரைக் கொண்டுபோய் நெருக்கினால் வழி கிடைக்காது. முப்பது கஜத்திலிருந்து சுடத் தொடங்குகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் நமக்கு இருபத்தைந்து ஷாட், எதிரணிக்கு மூன்று. அவற்றில் ஒன்று கோல். கணினி ஏமாற்றுகிறது என்ற இரண்டாவது நாட்டார் நம்பிக்கை பிறக்கும் தருணம் அது. இருபத்தைந்தில் எத்தனை பெட்டிக்கு உள்ளிருந்து அடிக்கப்பட்டவை என்று எண்ணிப் பார்ப்பவர் அரிது.

செய்ய வேண்டியது ஏறக்குறைய நேர்மாறானது. துணிவை ஒரு படி குறைக்க வேண்டும். வேகத்தைத் தணித்துப் பந்தை நம்மிடம் வைத்துக்கொண்டு, அவர்களை இடமும் வலமும் நகரச் செய்ய வேண்டும். ஓரக்கள வீரர் கோட்டை ஒட்டியே நின்றால் அவரைக் காக்க ஒருவர் கோட்டையிலிருந்து வெளியே வந்தாக வேண்டும். அந்த இடைவெளியில் நம் பக்கப் பின்கள வீரர் ஓடி நுழையலாம். தொலைவிலிருந்து சுடாதே, பெட்டிக்குள் கொண்டுபோ என்று ஒரு கட்டளை உண்டு; அது இத்தகைய நாட்களுக்காகவே இருக்கிறது. அவர்கள் முன்னால் தனியே விட்டிருக்கும் ஒற்றை வீரர் வேகமானவரா என்று பார்த்து, ஆமெனில் நம் தற்காப்பு வரிசையை மிக மேலே ஏற்றாமல் இருக்க வேண்டும். இவ்வளவுதான். இவற்றில் எதுவும் கண்ணைப் பறிக்கும் உத்தியன்று. பொறுமை வேண்டும், அதுதான் கடினம்.

புறப்பொருள் வெண்பாமாலை முற்றுகையிடுவோனுக்கு உழிஞைப் பூவையும் மதில் காப்போனுக்கு நொச்சிப் பூவையும் சூட்டி இருவேறு திணைகளாக வைக்கிறது. தொல்காப்பியரோ மதிலை வளைப்பதையும் காப்பதையும் உழிஞை என்ற ஒரே திணைக்குள் அடக்கினார். வகுப்பில் இந்த வேறுபாட்டைச் சொல்லும்போது மாணவர்கள் தேர்வுக்குரிய குறிப்பாக மட்டும் எழுதிக்கொள்வார்கள். எனக்கு இந்த விளையாட்டு தொல்காப்பியர் பக்கம் சாய்வதற்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது. அவன் காக்கும் விதம் நான் வளைத்த விதத்தால் ஆனது. நான் வளைக்கும் விதம் அவன் காக்கும் விதத்தால் மாறுகிறது. இரண்டு பூக்கள் எதற்கு?

முதல் கோல் விழுந்ததும் எல்லாம் தலைகீழாகிறது. தோற்றுக்கொண்டிருக்கும் கணினி மேலாளர் கோட்டைக்குள் தொடர்ந்து இருப்பதில்லை. நேரம் ஆக ஆகக் கதவைத் திறக்கிறார். கடைசிப் பத்து நிமிடங்களில் நான்கு பேரை முன்னால் அனுப்பி, பின்னால் கிட்டத்தட்ட ஒருவருமில்லாமல் விடுகிறார். இங்கே மனிதர்கள் பெரும்பாலும் பதறுகிறார்கள். ஒரு கோல் முன்னிலை, பத்து நிமிடம் மீதி, எல்லோரும் பின்னால் வாருங்கள் என்று கட்டளையிடுகிறார்கள். பதினொருவரும் பெட்டிக்குள் வந்து நின்றால் பந்தைத் தட்டிவிட்டாலும் அது மீண்டும் அவர்களிடமே போகிறது. ஓரங்களிலிருந்து பந்துகள் வந்துகொண்டே இருக்கும்; ஏதோ ஒன்று உள்ளே போகும். இரண்டு வேகமான வீரர்களை நடுக்கோட்டில் நிறுத்திவையுங்கள். முதல் பருவத்தில் எல்லா அணிகளும் விட்டுவைத்த அதே வெற்றிடத்தை இப்போது இந்த அணி எண்பதாவது நிமிடத்தில் விடுகிறது. பழைய நீண்ட பந்தின் காலம் இதுதான். உத்தி காலாவதியாகவில்லை, அதற்குரிய நேரம் தொண்ணூறு நிமிடத்திலிருந்து பத்து நிமிடமாகச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவே.

நிஜக் கால்பந்தில் இதை உலகமே பார்த்தது. 2015–16இல் லெஸ்டர் சிட்டி இங்கிலாந்தின் பிரீமியர் லீகை 81 புள்ளிகளுடன் வென்றது. பருவத் தொடக்கத்தில் பந்தயக்காரர்கள் அதற்கு 5000க்கு ஒன்று என்று கொடுத்திருந்தார்கள். ரானியேரியின் அணி 4-4-2 அமைப்பில் தாழ நின்று, பந்தை எதிரணியிடமே விட்டு, பறித்ததும் ஜேமி வார்டியின் ஓட்டத்துக்கு அனுப்பியது. அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, அப்போதுதான் மேல் பிரிவுக்கு வந்திருந்த ஹல் சிட்டியிடம் 2–1 என்று தோற்றது. கான்ட்டே செல்ஸிக்குப் போய்விட்டார் என்பது பெரிய இழப்பு, மறுக்கவில்லை. ஆனால் சாம்பியன் என்ற பெயரோடு களமிறங்கும் அணிக்கு முன்னால் யார் வெற்றிடம் விட்டுவைப்பார்கள்? 2017 பிப்ரவரியில் ரானியேரி நீக்கப்பட்டார். கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றுப் பழைய ஆட்டத்துக்கே திரும்பினார். முதல் ஆட்டத்தில் லிவர்பூலை 3–1 என்று வென்றார். லீகில் தொடர்ந்து ஐந்து வெற்றிகள். முடிவில் பன்னிரண்டாம் இடம். பழையது எப்படித் திடீரென்று மறுபடி பலித்தது? வீரர்களின் மனம் மாறியது என்று விமர்சகர்கள் சொன்னார்கள். இருக்கலாம். அதோடு, பிப்ரவரியில் லெஸ்டர் தள்ளப்படும் அணிகளின் விளிம்பில் இருந்தது என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன். அதைக் கண்டு அஞ்ச யாருக்கும் காரணமில்லை. மறுபடியும் மேலேறி வந்தார்கள்.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன எதையும் செய்யாமல் வெல்ல வழி உண்டு. இணையத்தில் வெற்றி உத்திகள் கோப்புகளாகக் கிடைக்கின்றன. இறக்கி, ஏற்றி, அழுத்தினால் போதும். அவற்றில் பல நல்ல கால்பந்து என்பதால் வெல்பவையல்ல. ஆட்டத்தை நடத்தும் நிரலின் ஏதோ ஒரு கணக்குப் பிழையை நோண்டியதால் வெல்பவை. ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகளில், கார்னர் உதையின்போது உயரமான பின்கள வீரரை அருகிலுள்ள கம்பத்துக்கு ஓடவிட்டால் போதும், அவர் பருவத்துக்கு இருபது கோல் அடிக்கும் அதிசயம் நடந்தது. பழைய சாம்பியன்ஷிப் மேனேஜரில் பந்து எங்கே இருக்கும்போது எந்த வீரர் எந்தக் கட்டத்தில் நிற்க வேண்டும் என்று, பந்து நம்மிடம் இருக்கையில் ஒன்றும் இல்லாதபோது இன்னொன்றுமாக வரையறுக்கும் வசதி இருந்தது. அருமையான கருவி. அதைக் கொண்டு கணினி மேலாளர்களால் ஈடுகொடுக்கவே முடியாத அமைப்புகளைச் சமைத்தார்கள். பின்னர் அந்த வசதியே நீக்கப்பட்டது.

இதில் என்ன தவறு, வெற்றி வெற்றிதானே என்று கேட்பவர்களிடம் அறம் பேச எனக்கு விருப்பமில்லை. தனியறையில் யாருக்கும் கேடில்லாமல் ஆடுவது அவரவர் உரிமை. ஆனால் அதற்கு எதிரணியே தேவையில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எதிரில் நிற்பது மான்செஸ்டரா மூன்றாம் பிரிவு அணியா என்பது கோப்பை இறக்கியவருக்கு ஒரு பொருட்டில்லை. பாட்டைப் படிக்காமல் வழிகாட்டி உரையை மனப்பாடம் செய்து எழுபத்தைந்து மதிப்பெண் வாங்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்கள் தேர்வில் வெல்கிறார்கள். பாட்டுக்கும் அவர்களுக்கும் இடையே ஒன்றும் நடக்கவில்லை. தோற்றதும் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கும் வழக்கத்தை இதைவிடத் தாழ்வாக மதிக்கிறேன். கோப்பை இறக்கியவராவது முடிவை ஏற்றுக்கொள்கிறார்.

எதிர்த்தரப்புக்கு ஒரு வலுவான வாதம் உண்டு. கணினி மேலாளரும் ஒரு நிரல்தானே, அவர் வெற்றிவாய்ப்பையும் கோல் கணக்கையும் கடிகாரத்தையும் பார்த்து எதிர்வினை செய்கிறார் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப ஆடுவதும், கார்னர் பிழையைப் பயன்படுத்துவதும் அடிப்படையில் ஒன்றுதானே? இதை எளிதில் தள்ளிவிட முடியாது. இருந்தாலும் வேறுபாடு இருக்கிறது. வலியவனைக் கண்டால் பின்வாங்குவதும் தோற்கும்போது துணிவதும் கால்பந்தின் இயல்பு. நிரலில் அது இருப்பதற்குக் காரணம் மனித மேலாளர்கள் அப்படிச் செய்வதுதான். அதை அறிந்தவர் ஞாயிறு மாலை தொலைக்காட்சியில் ஒரு நிஜ ஆட்டத்தைப் பார்க்கும்போது எழுபதாவது நிமிடத்தில் என்ன நடக்கப்போகிறது என்பதை உணர்வார். கார்னர் பிழையை அறிந்தவருக்கு அந்தப் பதிப்புக்கு வெளியே அது எங்கும் உதவாது.

மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொன்னதும் சிலர் ஆட்டத்துக்கு ஆட்டம் அமைப்பையே மாற்றத் தொடங்குவார்கள். திங்களன்று 4-3-3, வியாழனன்று 5-3-2. விளையாட்டே இதைத் தண்டிக்கிறது. வீரர்கள் ஓர் அமைப்பில் எவ்வளவு பழகியிருக்கிறார்கள் என்பதற்கு அதில் ஓர் அளவு உண்டு. பல பதிப்புகளில் ஒரே சமயத்தில் மூன்று உத்திகளுக்கு மேல் பழக்க முடியாது. புது அமைப்பில் நிறுத்தினால் நல்ல வீரர்களும் தடுமாறுகிறார்கள். ஆகவே எலும்புக்கூடு ஒன்றாக இருக்கட்டும். வேகம், அகலம், வரிசையின் உயரம், ஒரே ஒருவரின் பணி, இவற்றில் இரண்டைத் தொட்டால் போதும். நான் அறிந்த நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் கஞ்சர்கள். ஒன்றை மாற்றிவிட்டுப் பத்து நிமிடம் பார்ப்பார்கள். அதன் விளைவு தெரிவதற்கு முன் அடுத்ததைத் தொடமாட்டார்கள். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றி வென்றவருக்கு எது வென்றது என்பது கடைசிவரை தெரியாது.

2025 நவம்பரில் வந்த 'ஃபுட்பால் மேனேஜர் 26' பழைய வசதியை வேறு உருவில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. பந்து நம்மிடம் இருக்கும்போது ஓர் அமைப்பு, இல்லாதபோது இன்னோர் அமைப்பு என்று இப்போது இரண்டையும் தனித்தனியே வகுக்கலாம். இதனால் ஆட்டத்துக்கு முன் எதிரணியைப் பற்றி ஒற்றை எண்வரிசையாகத் தெரிந்துகொள்வது போதாமல் போகிறது. தாக்கும்போது 4-3-3 ஆக விரியும் அணி பந்தை இழந்ததும் ஐவரைப் பின்னால் நிறுத்தக்கூடும். நம் ஓரக்கள வீரருக்கு இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பதைச் சொல்வது அந்த இரண்டாவது அமைப்புதான். முதல் கால்மணி நேரம் முடிவுகளைத் தாண்டி ஓட்டாமல், முழு ஆட்டமாகவே வைத்து அதைப் பாருங்கள்.